பட்டியில் ஒரு பசு நின்றால் வறுமை போய்விடுமா?



அஸ்வெசும விண்ணப்பம் நிரப்பும் நேரத்தில் நம் லயங்களில் எழும் கேள்வி ஒன்று உண்டு: “மாடு இருப்பதைச் சொல்வதா, விடுவதா?” சொன்னால் பெயர் வெட்டுப்படுமோ என்ற பயம். லயத்துக்குப் பின்னால் ஒரு பசுவைக் கட்டி, மலையில் வேலை முடிந்து வரும்போது புல்லுக்கட்டு சுமந்து வரும் எந்தக் குடும்பத்துக்கும் இந்தப் பயம் புரியும்.

இந்தக் கேள்வியின் முழுக் கனத்தையும் பார்க்க யாழ்ப்பாணத் தீவகத்தை நினைத்துப் பாருங்கள். நமக்கு மாடு துணை வருமானம். போதாவிட்டாலும் செக்ரோலில் ஒரு பேர் விழுகிறது, ஈ.பீ.எப். இருக்கிறது. தீவகத்தில் மாடும் ஆடும் வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு இவை எதுவும் இல்லை. பட்டிதான் அவர்களுடைய வங்கிப் புத்தகம்.

ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு ஆகியவை யாழ்ப்பாணத்தோடு வீதியால் இணைந்தவை. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானில் படகு ஏற வேண்டும். நெடுந்தீவுக்குப் போக ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலில் செல்ல வேண்டும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெருமழை. அதன்பின் புல் காய்கிறது, கிணற்று நீர் உவராகிறது. நெடுந்தீவின் பேர்பெற்ற காட்டுக் குதிரைகள் கடும் வறட்சியில் நீரின்றிச் செத்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். குதிரைக்கு வரும் தாகம்தான் பட்டியில் நிற்கும் பசுவுக்கும் வருகிறது.

பாலும் காத்திருக்காது. சில மணி நேரத்துக்குள் குளிரூட்டாவிட்டால் கெட்டுவிடும். சேகரிப்பு வண்டி வாசலுக்கு வரும் ஊரும், படகை நம்பியிருக்கும் ஊரும் ஒன்றல்ல.

அங்கே ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துப் பார்ப்போம். இரண்டு பசு, நாலைந்து ஆடு, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். கணவன் பிறர் படகில் கூலிக்குத் தொழிலுக்குப் போகிறார். ஓகஸ்ட் மாதம், மேய்ச்சல் இல்லை. தவிடும் புண்ணாக்கும் காசு கொடுத்து வாங்க வேண்டும். அந்த நேரம் பிள்ளைக்குச் சுகமில்லை, யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கையில் காசில்லை. முதலில் ஒரு ஆடு போகும், பிறகு ஒரு பசு போகும். அதே மாதத்தில் ஊரே விற்கிறது, மாடுகளும் மெலிந்திருக்கின்றன. வியாபாரி சொன்னதுதான் விலை. நவம்பரில் புல் முளைக்கும்போது மேய்க்க மாடு இருக்காது. திரும்ப வாங்கப் போனால் விற்ற விலைக்குக் கிடைக்காது.

நம்மிடையே நகை அடகுக்குப் போய் மூழ்குவதும் இதே கணக்குத்தான்.

இந்த இடத்தில்தான் கையில் நேரடியாகக் கிடைக்கும் உதவிப் பணத்தின் பயன் இருக்கிறது. 2023 ஜூலையில் அஸ்வெசும தொடங்கியபோது வறிய குடும்பத்துக்கு மாதம் 8,500 ரூபாவும், மிக வறிய குடும்பத்துக்கு 15,000 ரூபாவும் வழங்கப்பட்டன. 2025 ஜனவரியில் அவை 10,000, 17,500 ரூபாவாகக் கூடின. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா அடிப்படைச் சம்பளத்தில் பார்த்தால் 10,000 ரூபா ஏழு பேருக்குச் சற்று மேல். இந்தப் பணத்தில் பசு வாங்க முடியாது. ஆனால் அந்த ஓகஸ்ட் மாதத்து அரிசிக்கும் படகுச் செலவுக்கும் அது உதவினால், இருக்கும் பசுவை விற்க வேண்டியதில்லை.

இது வெறும் ஊகமல்ல. கென்யாவின் ராரியேடா பகுதியில் எந்த நிபந்தனையுமின்றிப் பணம் பெற்ற குடும்பங்களை ஹவுஷோஃபர், ஷபீரோ என்ற இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். அந்தக் குடும்பங்களின் சொத்து கூடியிருந்தது, அதில் கால்நடைக்கு முக்கிய பங்கு இருந்தது. மாதாமாதம் வந்த பணம் சாப்பாட்டு நிலையைச் சீராக்கியது. மொத்தமாக வந்த பணம் நிலைத்து நிற்கும் பொருட்களுக்குப் போனது. இரண்டுக்கும் வேலை வேறு, இரண்டும் தேவை.

அதே கென்யாவின் வடக்கில் துர்க்கானா, மார்சாபிட் போன்ற மேய்ச்சல் மாவட்டங்களில் இன்னொரு திட்டம் நடக்கிறது. மேய்ச்சல் நிலம் காய்வதைச் செய்மதிப் படங்கள் காட்டினால், வழக்கமாக உதவி பெறாத குடும்பங்களுக்கும் பணம் அனுப்புகிறார்கள். மாடு செத்த பிறகு நட்டஈட்டுப் படிவம் நிரப்பச் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

“காசைக் கொடுத்தால் குடித்துவிடுவார்கள், மாட்டையே கொடுங்கள்” என்று சிலர் சொல்வார்கள். தோட்டத்து மக்களைப் பற்றி இந்தப் பேச்சை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! உலக வங்கியில் எவன்ஸ், போப்போவா என்ற இருவர் 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014இல் எழுதினார்கள். உதவிப் பணத்தால் மது, புகையிலைச் செலவு கூடியதாக அவர்கள் காணவில்லை. மாடு கொடுப்பதில் தவறில்லை. போருக்குப் பின் வடக்கில் ஆடும் மாடும் கோழியும் வாழ்வாதார உதவியாக வழங்கப்பட்டன. ஆனால் கொடுத்த அன்றே மாடு சோறு போடாது, அதற்குத்தான் நாம் தீனி போட வேண்டும். வங்காளதேசத்தில் பிராக் நிறுவனம் 2002 முதல் பரம ஏழைப் பெண்களுக்குக் கால்நடையோடு சிறு உதவித்தொகையும் பயிற்சியும் சேர்த்தே கொடுத்தது இதனால்தான்.

பணத்தால் முடியாதவையும் உண்டு. பத்தாயிரம் ரூபா கிணற்றில் நன்னீர் ஊற வைக்காது, கால்நடை வைத்தியரைப் படகேற்றி அனுப்பாது, இறைச்சிக்காக இரவில் மாடு களவெடுப்பவனைப் பிடிக்காது. இவை அரசின் கடமைகள். அதுபோல, உதவிப் பணத்தைக் காட்டி எந்தக் கம்பனியும் நம் சம்பளக் கோரிக்கையைத் தள்ளிப்போட இடம் தரக்கூடாது. உதவி வேறு, உழைப்பின் கூலி வேறு.

அஸ்வெசும தெரிவு ஆறு பிரிவுகளில் 22 அளவுகோல்களைப் பார்க்கிறது. சொத்தும் அதில் ஒரு பிரிவு. ஒரு குடும்பத்தின் நிலையறிய ஏதாவது அளவுகோல் வேண்டும்தான். ஆனால் வாடகைக்கு விட்ட வீடும், வறட்சியில் தீனிக்கு ஏங்கும் பசுவும் ஒரே வகைச் சொத்தல்ல. மாடு இருப்பதாலேயே உதவி நின்றால், அந்தக் குடும்பம் மாட்டை விற்றுத்தான் மீண்டும் “தகுதி” பெற வேண்டும். வறுமையைப் போக்க வந்த திட்டம் வறுமைக்கே பரிசு கொடுத்ததாக முடியும்.

எனவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. ஓரிரு கறவை மாடோ சில ஆடுகளோ வைத்திருப்பது எந்தக் குடும்பத்தின் உதவியையும் வெட்டக் காரணமாகக் கூடாது. வறட்சி அறிவிக்கப்படும் பிரதேசத்தில் அந்த மாதங்களுக்கு மேலதிகத் தொகை, மாடு விற்கப்படுவதற்கு முன்பே வர வேண்டும். விரும்பும் குடும்பம் தொழில் தொடங்க ஒரு முறை மொத்தத் தொகை பெற வழி வேண்டும்.

மாட்டை மறைத்து எழுத வேண்டாம். மறைத்தால் பின்னால் குற்றவாளியாக நிற்பது நாம்தான். உள்ளதை எழுதுங்கள். பெயர் விடுபட்டால் உரிய காலத்துக்குள் பிரதேச செயலகத்தில் மேன்முறையீடு கொடுத்து, அதன் பிரதியைத் தோட்டத் தலைவரிடம் சேருங்கள். ஒரு லயத்திலிருந்து போகும் ஒரு கடிதத்தை மேசையில் போட்டுவைக்கலாம். மலையகத்துக் கடிதங்களும் தீவகத்துக் கடிதங்களும் ஒன்றாகப் போனால் நலன்புரி நன்மைகள் சபை பதில் சொல்லியே ஆக வேண்டும்.