பதினைந்து கல்லும் பதினையாயிரம் காசும்

வாகன விபத்துகளைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் ஒரே வசனத்தோடு முடிவடைகின்றன: ‘உயிர்ச்சேதம் எதுவும் ஏற்படவில்லை.’ வாசிப்பவருக்கு அவ்வசனம் ஆறுதல் அளிக்கின்றது. கண் அடுத்த செய்திக்குத் தாவிவிடுகின்றது. நானும் நெடுங்காலம் அவ்வாறே வாசித்து வந்தவன். 2023-ம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு விடியற்காலை, என் தமக்கையாரின் தோட்டத்தில் நின்றுகொண்டு அவ்வசனத்தை மறுபடி எண்ணிப் பார்த்தபோதுதான், அது எத்துணை இலேசாகச் சொல்லப்பட்டுவிடுகின்றது என்பதை உணர்ந்தேன்.

தோட்டம் வலிகாமம் வடக்கில் இருக்கின்றது. 1990-ம் ஆண்டு அவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். உயர் பாதுகாப்பு வலயமாகக் கிடந்த நிலம் பல்லாண்டுகளின் பின்னர் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டபோது, அத்தானும் தமக்கையாரும் 2016-ம் ஆண்டு தங்கள் காணிக்குத் திரும்பினர். வீடு இருந்த இடத்தில் பற்றைக்காடு. எல்லையைக் காட்டுதற்கு ஒரு கதியாலும் இல்லை. அத்தான் முதலிற் செய்த வேலை வீடு கட்டியதன்று, வேலி அடைத்ததே. கிளுவையும் பூவரசுமாக நட்டார். ஏழாண்டுகளில் அது கோழி நுழையாத வேலியாயிற்று. ஆட்டுக்குக் குழை அதிலிருந்து வந்தது. பாத்திக்குப் பசளையாகத் தாழ்க்கும் பூவரசங் குழையும் அதிலிருந்தே வந்தது.

தெற்கிலிருந்து இரவு முழுவதும் ஓடி வந்த ஒரு லொறி, விடிவதற்குச் சற்று முன்னர் வளைவைத் தவறவிட்டு, அவ்வேலியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே புகுந்தது. 27 கதியால்கள் அடியோடு சாய்ந்தன. வெங்காயப் பாத்திகளின் மேலாக ஓடி, கிணற்றுக் கட்டை இடித்து, நீரிறைக்கும் இயந்திரத்தை நசுக்கிக்கொண்டு நின்றது. எரிபொருள் தாங்கி உடைந்து டீசல் பாத்திகளிலும் கிணற்றடியிலும் பரவிற்று. சாரதியின் நெற்றியில் ஒரு கீறல்; அவ்வளவே. உயிர்ச்சேதம் எதுவும் ஏற்படவில்லை.

கூடியவர்களுட் சிலர் சாரதியை இழுத்து இறக்க முற்பட்டனர். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பிள்ளை; சிங்களம் பேசுபவன்; தமிழிற் சில சொற்களே தெரிந்தவன். கைகள் நடுங்க நின்றான். அத்தான் அவனைத் திண்ணையில் இருத்தி, “தம்பி, முதல்லை தண்ணியைக் குடி, பிறகு கதைப்பம்” என்றார். அப்பாற் கூட்டத்தைப் பார்த்து, “இவனை அடிச்சால் என்ரை வேலி நிமிருமே?” என்று கேட்டார். எவரும் மறுமொழி சொல்லவில்லை. அந்தக் கேள்வியை விரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காலை பத்து மணியளவிற் காப்புறுதி நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் வந்தார். பண்பான மனிதர். படம் பிடித்தார், அளந்தார், எழுதினார். இயந்திரத்துக்குப் பற்றுச்சீட்டு இருந்தது. ஆகவே அதற்கு விலை எழுதப்பட்டது. கிணற்றுக் கட்டுக்குச் சீமெந்தும் கூலியும் கணக்கிடப்பட்டன. வெங்காயத்துக்குப் பாத்திக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை. “வேலிக்கு?” என்று தமக்கையார் கேட்டார். “அது தடிதானே அம்மா” என்றார் அவர். அன்றைக்கே கையொப்பமிட்டாற் பணம் விரைவிற் கிடைக்கும் என்றும் சொன்னார்.

அவர் மீது எனக்குக் குறையில்லை. அவர் கையிலிருந்த தாளில் வேலிக்கு நிரல் இல்லை. ஆனால், அத்தாளில் இடம்பெறாதவை எவை என்று நாம் கேட்கவேண்டும்.

முதலாவது, காலம். தடிக்கு விலை உண்டு. தடி வேலியாவதற்கு எடுத்த ஏழாண்டுக்கு விலை எழுதுபவர் யார்? இரண்டாவது, பருவம். வெங்காயம் கிண்டுவதற்கு மூன்று கிழமைகளே இருந்தன. விதை வெங்காயத்துக்கும் உழவுக்கும் பசளைக்கும் மருந்துக்கும் கொட்டவேண்டிய காசு முழுவதும் கொட்டப்பட்டுவிட்டது, வரவுதான் வரவில்லை. மூன்று கிழமைக்கு முந்திய பயிரை அரைப் பயிர் என்று மதிப்பது, அச்சேறி முடிந்து கட்டவேண்டிய நிலையிலுள்ள புத்தகத்தை வெறுந்தாளாக மதிப்பதற்கு ஒப்பானது. மூன்றாவது, நீர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணக்கற் பாறையினுள்ளே தேங்கும் மழைநீரே எங்கள் குடிநீரும் பயிர்நீரும். பாறையின் வெடிப்புகளூடாக ஒரு கிணற்றின் அழுக்கு அயற்கிணற்றுக்குச் செல்லக்கூடும். கிணற்றடியிற் சிந்திய டீசல் ஒரு வீட்டின் நட்டத்தோடு நின்றுவிடுவதன்று. நான்காவது, கூலி. அவ்வெங்காயத்தைக் கிண்டவும் பிடி கட்டவும் வரவிருந்த அயற்பெண்கள் நால்வரின் பத்து நாள் வருமானம் எந்தத் தாளிலும் ஏறவில்லை.

சட்டம் இவ்விடயத்தில் ஊமையாக இருக்கின்றதா? இல்லை. 1951-ம் ஆண்டின் 14-ம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம், ஆளுக்கோ விலங்குக்கோ உடைமைக்கோ சேதம் நேருமிடத்துச் சாரதி நிற்கவேண்டும், தன் விபரங்களைத் தரவேண்டும், பொலிசாருக்கு அறிவிக்கவேண்டும் என்று விதிக்கின்றது. அந்தப் பிள்ளை அதைச் செய்தான். கவனயீனத்தால் நேர்ந்த நட்டத்துக்கு ஈடு கேட்கும் உரிமையோ உரோமன் டச்சுச் சட்டத்தின் வழியாக நமக்கு வந்தது. அதன் வேர், கி.மு. 3-ம் நூற்றாண்டளவில் உரோமில் இயற்றப்பட்ட அக்குவீலியச் சட்டம். அடிமையையும் கால்நடையையும் ஒரே வரிசையில் வைத்த அக்காலத்தின் கொடுமை ஒருபுறமிருக்க, அதிலே கவனிக்கத்தக்க ஒரு விதி உண்டு. கொல்லப்பட்ட கால்நடைக்கு, இறந்த நாளின் விலையை அன்றி, அதற்கு முந்திய ஓராண்டினுள் அது பெற்றிருந்த மிக உயர்ந்த விலையைக் கொடுக்கவேண்டும் என்பதே அது. உழவனின் பொருளுக்குப் பருவந்தோறும் விலை வேறு என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர் போலும். இருபத்திரண்டு நூற்றாண்டுகளின் பின்னர் நாம் பற்றுச்சீட்டைக் கேட்டு நிற்கின்றோம்.

நீரைப் பற்றியும் நமக்கு ஒரு முன்மாதிரி உண்டு. சுன்னாகத்து அனல் மின்நிலையச் சூழலிற் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்தல் வேண்டும் என்ற நெறியைக் கைக்கொண்டு, 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்துமாறு உயர் நீதிமன்றம் 2019-ம் ஆண்டு கட்டளையிட்டது. பெருந்தொழிலுக்குப் பொருந்தும் நெறி, ஒரு லொறியின் எண்ணெய்த் தாங்கிக்குப் பொருந்தாது போகாது.

இனி, இலக்கியம் கற்பிப்பவன் என்ற முறையில் எனக்குரிய பகுதிக்கு வருகின்றேன்.

தேர்க்காலிற் கன்று அகப்பட்டு மடிய, பசு ஆராய்ச்சி மணியை அசைக்க, மன்னன் தன் மைந்தனையே தேர்க்காலில் இட்ட கதையை அறியாத தமிழ் மாணவர் இல்லை. சிலப்பதிகாரத்திலே கண்ணகி அதனைச் சுட்டுகின்றாள். பெரியபுராணம் திருவாரூரில் வைத்து அதனை விரிக்கின்றது. ஈழத்திலே பாளி மொழியில் எழுந்த மகாவம்சம், 44 ஆண்டு அநுராதபுரத்தில் அரசு புரிந்ததாகக் கூறும் தமிழ் மன்னன் எல்லாளன் மீது இதே கதையை ஏற்றிச் சொல்லுகின்றது. இருமொழியாரும் போற்றும் கதை இது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் இதனைக் குரல் தழுதழுக்க நானும் சொல்லியிருக்கின்றேன்.

ஆயின், மகாவம்சத்தின் அதே 21-ம் அத்தியாயத்தில், இன்னொரு கதையும் உண்டு. எல்லாளன் சேதிய மலைக்குப் பிக்குமாரை அழைக்கத் தேரிற் செல்லுகின்றான். தேரின் நுகமுனை அங்கிருந்த தூபி ஒன்றில் மோதி அதனைச் சேதப்படுத்திவிடுகின்றது. மன்னன் தேரினின்றும் குதித்து வீதியிற் கிடந்து, இதே சில்லினால் என் தலையைத் துணியுங்கள் என்கின்றான். அமைச்சர்கள் மறுக்கின்றனர்; பிறருக்கு ஊறு செய்வதைப் புத்தர் பெருமான் விரும்பார், தூபியைத் திருத்தி அமைத்துப் பொறுத்தருள வேண்டுக என்கின்றனர். பெயர்ந்தவை 15 கற்கள். அவற்றை மீண்டும் அமைத்தற்கு மன்னன் செலவிட்டது 15,000 கஹாபணம், அக்காலக் காசு.

முதற்கதையை ஆயிரம் முறை சொன்ன நான், இரண்டாங் கதையை ஒரு முறையும் வகுப்பிற் சொன்னதில்லை. அதனை இங்கு ஒப்புக்கொள்ளுகின்றேன். முதற்கதை மேடைக்கு ஏற்றது, கண்ணீருக்கு ஏற்றது. ஆனால், மகாவம்சம் சொல்லுமாறு அங்கே மைந்தனின் தலை துணிக்கப்பட்ட பின்னரும் கன்று எழவில்லை. பசுவுக்கு நீதி கிடைத்தது, கன்று கிடைக்கவில்லை. இரண்டாங் கதையில் எவரும் சாகவில்லை; கல் மட்டும் மீண்டும் தன் இடத்தில் ஏறியது. பெயர்ந்த கல்லுக்கு அதன் சந்தை விலையை மன்னன் கொடுத்ததாகவும் நூல் சொல்லவில்லை. ஒரு கல்லுக்கு ஆயிரம் காசு என்னும் அளவிற் செலவிட்டான். குலைந்ததை முன்பிருந்தவாறே ஆக்குவதற்கு எவ்வளவு செல்லுமோ அவ்வளவே நட்டஈடு என்பது அதன் பொருளென நான் கொள்கின்றேன்.

அக்கதையில் இன்னுமோர் உண்மை இருக்கின்றது. காசு யாருடைய கையிலிருந்து போயிற்று? தேருக்கு உரியவனின் பண்டாரத்திலிருந்து போயிற்று. தேரோட்டியின் கூலியிலிருந்து அன்று. எங்கள் தோட்டத்தில் நேர்ந்ததோ வேறு. லொறியின் உரிமையாளர் ஒரு நாளும் வந்து பார்க்கவில்லை. காப்புறுதி பார்த்துக்கொள்ளும் என்று தொலைபேசியிற் சொன்னதோடு சரி. சாரதியின் சம்பளத்திற் பாதி மறிக்கப்பட்டது என்று பின்னர் அறிந்தோம். ஒரு இரவு முழுவதும் கண் துஞ்சாமல் ஓட்டி, விடியுமுன் சரக்கைச் சேர்த்தாற்றான் முழுக்கூலி என்று ஏவியவர் வீட்டில் இருந்தார். ஏவப்பட்டவன் எங்கள் திண்ணையில் நடுங்கிக்கொண்டிருந்தான். வேலைக்காரன் வேலையின்போது செய்த பிழைக்கு வேலைகொள்பவரும் பொறுப்பாளி என்பது நம் சட்டத்துக்கும் உடன்பாடே. அதனைக் கேட்கும் வழக்கந்தான் ஊரில் இல்லை. ஊரார் கைக்கு எட்டுபவன் சாரதி. ஆகவே அடியும் வசவும் அவனுக்கே.

முடிவைச் சொல்லிவிடுகின்றேன். அத்தான் அன்று கையொப்பமிடவில்லை. கிராம அலுவலரையும் விவசாயப் போதனாசிரியரையும் அழைத்துச் சேதத்தை எழுதுவித்தார். கிணற்று நீரைச் சோதனைக்கு அனுப்பினார். விடயம் மத்தியஸ்த சபைக்குச் சென்றது. 1988-ம் ஆண்டின் 72-ம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இச்சபைகள், வழக்கறிஞர் செலவின்றி அயலவர் முன்னிலையிற் பேசித் தீர்க்க வாய்ப்பளிக்கின்றன. உரிமையாளரும் அழைக்கப்பட்டார். முதலிற் சொல்லப்பட்டதிலும் ஏறத்தாழ மூன்று மடங்கு கிடைத்தது. கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கும் செலவும் அதில் அடக்கம். ஏழாண்டு வேலிக்கு அது ஈடாகாது. ஆயினும் வேலிக்கென ஒரு நிரல் அத்தாளில் எழுதப்பட்டது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாரதிப் பிள்ளை தானாக வந்தான். தம்புள்ளைப் பக்கத்தில் அவர்களும் வெங்காயச் செய்கைக்காரர்களாம். நசுங்கிய பாத்தியைப் பார்த்த அன்றே அது தனக்குத் தெரிந்தது என்று அரைகுறைத் தமிழிற் சொன்னான். அத்தானோடு நின்று கதியால் நட்டான். தமக்கையார் சோறு கொடுத்தார். இதனை நான் நெகிழ்ச்சியோடு நினைக்கின்றேன்; ஆயின், இதனையே தீர்வென்று காட்ட விரும்பவில்லை. ஏழையின் நல்ல மனம் உரிமையாளரின் கடமைக்கு மாற்றாகிவிடலாகாது.

ஆதலால் நான் கேட்பவை சில. வயலிலோ தோட்டத்திலோ வாகனம் புகுந்தால், அன்றைக்கே கையொப்பம் வாங்கும் பழக்கம் ஒழிதல் வேண்டும். பயிரையும் மரத்தையும் வேலியையும் மதிப்பிட, கமநல சேவை நிலையத்தைச் சார்ந்த ஒருவர் உடனிருத்தல் வேண்டும். கிணற்றடியில் எண்ணெய் சிந்தினால், நீர்ச் சோதனை முடியுமுன் கணக்கு முடிக்கலாகாது. இத்தகைய நட்டத்துக்கு வழக்கிடும் காலம் இரண்டு ஆண்டுகளே என்பதை உழவர் அறிந்திருத்தல் வேண்டும். ஆசிரிய நண்பர்களிடம் ஒன்று மட்டும் வேண்டுகின்றேன். தேர்க்காலிற் கன்று மடிந்த கதையைச் சொல்லும் நாளில், பெயர்ந்த 15 கற்களின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். தண்டனையோடு நீதி முடிந்துவிடுகின்றது என்று நம் பிள்ளைகள் எண்ணி வளர்தல் நன்றன்று.

அன்று நட்ட 27 கதியால்களில் 19 துளிர்த்தன. மற்றவற்றை மழைக்கு முன் மாற்றி நட்டோம். இத்தகைய வேலிக்குத் தமிழில் உயிர்வேலி என்று பெயர். அடுத்த முறை ‘உயிர்ச்சேதம் எதுவும் ஏற்படவில்லை’ என்ற வசனத்தைச் செய்தியிற் காணும்போது, எந்த ஊரில், எவர் காணியில் என்று ஒரு கணம் நின்று கேட்பேன்.