குடியை மறக்க ஓர் ஊசியா?

மதுரையிலும் மேலூர், திருமங்கலம் பக்கத்திலும் உள்ள சகோதரிகளே! "சர்க்கரை வியாதி ஊசி போட்டால் குடி மறந்து போகுமாமே?" என்று நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். முழுப் பொய்யல்ல.

செமாகுளுடைட் என்ற அந்த மருந்தை அமெரிக்காவில் குடிப்பழக்கமுள்ள 48 பேரை வைத்து 9 வாரம் சோதித்து, 2025-ல் முடிவை வெளியிட்டார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குக் குடி ஆசை தணிந்தது. குடிக்கிற நாளில் குடித்த அளவும் குறைந்தது. குடிக்கிற நாட்கள் மட்டும் சொல்லும்படி குறைந்தபாடில்லை! இதே இனத்தைச் சேர்ந்த எக்ஸனடைடை டென்மார்க்கில் 127 பேரிடம் சோதித்து 2022-ல் அறிவித்தார்கள். அங்கே பருத்த சரீரக்காரர்களிடம்தான் பலன் தெரிந்தது.

எனக்குக் கவலையே இதுதான். நம் வீடுகளில் குடிக்கிறவர்களில் எத்தனையோ பேர் சோற்றை மறந்து எலும்பும் தோலுமாக இருக்கிறார்கள். இந்த ஊசியோ பசியை அடக்குவது!

ஆகவே மருந்துக் கடையில் நீங்களாகவே வாங்கிவிடாதீர்கள். டைசல்பிராம் மாத்திரையை ரசத்தில் ரகசியமாகக் கலந்து, அதன்மேல் அவர் குடிக்கப்போய், விபரீதத்தை வரவழைத்துக்கொண்டவர்கள் உண்டு. அவரிடம் சொல்லி, சம்மதிக்க வைத்து, ராஜாஜி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். வீட்டில் பூட்டிவைத்து ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம். நெடுநாள் குடித்தவருக்கு வலிப்பு வரக்கூடும்.