மொத்த விலை யாருக்கு?

‘சில்லறைக் கடைக்காரருக்கு ஏன் லாபம் கொடுக்க வேண்டும்? சென்னை ரிச்சி தெருவில் மொத்த விநியோகஸ்தரிடமே கணினி பாகங்களை வாங்குங்கள்’ என்கிறார் நண்பர். அவர் காட்டும் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேரவில்லை. 10,000 ரூபாய்ப் பொருள் கைக்கு வரும்போது 11,800. பதிவுபெற்ற வியாபாரி அந்த வரியை உள்ளீட்டு வரி வரவாகக் கழித்துக்கொள்வார். வீட்டுக்கு ஒன்று வாங்குபவருக்கு அந்த வழியே கிடையாது.

பில் வேண்டாமென்றால் குறைப்பார்களே என்பார். அப்படித்தான் நானும் ஒரு எஸ்எஸ்டி வாங்கினேன். எட்டாம் மாதம் ஒரு காலையில் கணினிக்கு அது இருப்பதே தெரியவில்லை. சர்வீஸ் சென்டர் பெண் ஸ்டிக்கரிலிருந்த சீரியல் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, “பில் இருக்கா சார்?” என்றார். இல்லை. எஸ்எஸ்டியை என் பக்கமே நகர்த்தி வைத்தார். மகளின் மூன்று வருடப் படங்கள் அதில் இருந்தன.

பிராசஸரிலும் இதே சிக்கல். பெட்டியில் வருவதற்கு இன்டெல் நிறுவனமே மூன்றாண்டு வாரண்டி தருகிறது. பெட்டியின்றி டிரேயில் வருவதற்கு விற்றவர்தான் பொறுப்பு. விலை வித்தியாசத்தைச் சொன்னவர் இதையும் சொல்லியிருக்க வேண்டும்.

இருபது கணினி போடும் பள்ளி ரிச்சி தெருவுக்குப் போய் பில்லோடு பேரம் பேசட்டும், நிச்சயம் மிச்சமாகும். கல்லூரி சேரும் பிள்ளைக்கு ஒன்றே ஒன்று வாங்க வரும் அப்பாவை அங்கே அனுப்பாதீர்கள்.