தொடக்க எல்லை பிசகலாகாது

தமக்கெனத் தனி வட்டின்றி, வலையமைப்பின் வழியே பொதுச் சேமிப்பகம் ஒன்றிலிருந்து இயங்கத் தொடங்கும் சர்வர்கள் பல. அவற்றின் வேகம் குன்றினால் பழி வலையமைப்பின் மீது விழுகிறது. உண்மைக் காரணம் வட்டுப் பிரிவின் தொடக்க எல்லையில் இருத்தல் கூடும்.

பழைய முறைப்படி, முதல் 63 செக்டார்களை விட்டே முதற் பிரிவு தொடங்கும். செக்டார் ஒன்றுக்கு 512 பைட்டு. ஆக 32,256 பைட்டு. சேமிப்பகங்கள் பலவும் 4,096 பைட்டுக் கட்டங்களாகவே கணக்கிடுகின்றன. முன்னது பின்னதால் மீதமின்றி வகுபடாது. ஆகவே, சர்வர் எழுதும் ஒவ்வொரு 4,096 பைட்டும் இரு கட்டங்களில் விழுகிறது. சேமிப்பகம் அவ்விரண்டையும் படித்து, திருத்தி, மீண்டும் எழுத நேரிடுகிறது. அதனைப் பகிர்ந்துகொள்ளும் ஏனைய சர்வர்களும் இவ்வீண் உழைப்பின் சுமையைத் தாங்குகின்றன.

விண்டோஸ் சர்வர் 2008 முதலாகப் பெரிய வட்டுகளின் முதற் பிரிவு 10,48,576ஆம் பைட்டில் தொடங்குவது வழக்கமாயிற்று. இது சரியாக வகுபடும். ஆயினும், பழைய மூலப் படிமத்திலிருந்து நகலெடுக்கப்பட்ட சர்வர்கள் பழைய பிழையையும் உடன் பெறுகின்றன. இயக்கத் தொகுதியை நிறுவிய பின்னர் எல்லையை மாற்றுதல் எளிதன்று.

ஆதலின், புதிய சேமிப்பகத்திற்குப் பொருள் ஒதுக்குமுன், மூலப் படிமத்தின் தொடக்க எண்ணை வகுத்துப் பார்த்தலே முதற்கடமையாகும்.