ரெஸ்யூமேவைத் தள்ளிய ஏஐ: எச்.ஆர். துறைக்கு ஏன் டேட்டா தெரிய வேண்டும்?

அமெரிக்காவில் 55 வயதைத் தாண்டிய பெண் ஒருவர், ஆன்லைனில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு 2020-ல் விண்ணப்பித்தார். உடனே நிராகரிப்பு வந்தது. சந்தேகப்பட்ட அவர், அதே விவரங்களோடு மறுபடியும் விண்ணப்பித்தார். மாற்றியது பிறந்த தேதியை மட்டும்தான். வயதைக் குறைத்துப் போட்டார். இந்த முறை நேர்காணலுக்கு அழைப்பு வந்துவிட்டது!

ஐட்யூட்டர்குரூப் என்ற அந்த நிறுவனத்தின் மீது அமெரிக்க சமவேலைவாய்ப்பு ஆணையம் 2022-ல் வழக்குத் தொடுத்தது. 55 வயதைத் தாண்டிய பெண்களையும் 60 வயதைத் தாண்டிய ஆண்களையும் மென்பொருளே கழித்துவிட்டது, 200-க்கும் அதிகமானோர் இப்படி வாய்ப்பை இழந்தார்கள் என்பது புகார். நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் 2023-ல் 3,65,000 டாலர் தருவதாகச் சமரசம் செய்துகொண்டது.

ஏஐ பாகுபாடு என்றதும் உதாரணமாகச் சொல்லப்படும் வழக்கு இது. உண்மையில், புகாரின்படி இதில் பெரிய செயற்கை அறிவு எதுவும் தேவைப்படவில்லை. வயதைப் பார், தாண்டினால் தள்ளு, அவ்வளவுதான். நிராகரிக்கப்பட்டவர்களின் பட்டியலை எச்.ஆர். பிரிவில் யாராவது வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே விஷயம் தெரிந்திருக்கும்.

அமேசானில் என்ன நடந்தது?

இது கொஞ்சம் சிக்கலான கதை. ரெஸ்யூமேக்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை ஸ்டார் கொடுக்கும் மென்பொருளை உருவாக்க அமேசான் 2014-ல் ஒரு குழுவை அமைத்தது. பத்து ஆண்டுகளில் தனக்கு வந்த ரெஸ்யூமேக்களைக் காட்டி அதற்குப் பயிற்சி கொடுத்தது. அவற்றில் பெரும்பாலானவை ஆண்கள் அனுப்பியவை. ‘பெண்கள் செஸ் கிளப் கேப்டன்’ என்பதுபோல ‘பெண்கள்’ என்ற சொல் வந்தாலே மென்பொருள் மதிப்பெண்ணைக் குறைத்தது. இரண்டு மகளிர் கல்லூரிகளில் படித்தவர்களும் கீழே போனார்கள். அந்தச் சொற்களை மட்டும் சரிசெய்து பார்த்தார்கள். ஆனால், வேறு வழியில் அதே பாகுபாட்டைக் காட்டாது என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. கடைசியில் குழுவே கலைக்கப்பட்டது. ராய்ட்டர்ஸ் 2018-ல் இதை வெளிக்கொண்டு வந்தபோது, ஆட்களை மதிப்பிட இந்த மென்பொருளைப் பயன்படுத்தவே இல்லை என்றது அமேசான்.

பாலினம் என்ற கட்டத்தை அழித்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். படித்த கல்லூரி, இரண்டு வருட கேரியர் கேப், வீட்டு பின்கோடு என்று அதே தகவலைச் சொல்ல ரெஸ்யூமேவில் நிறைய இடம் இருக்கிறது.

அப்போ எச்.ஆர். ஆட்கள் கோடிங் படிக்கணுமா?

தேவையில்லை. வகுத்தல் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அமெரிக்காவில் 1978 முதல் ‘ஐந்தில் நான்கு’ என்று ஒரு விதி இருக்கிறது. ஒரு வேலைக்கு 100 ஆண்கள் விண்ணப்பித்து 50 பேர் தேர்வானால் விகிதம் 50%. 100 பெண்களில் 30 பேர் தேர்வானால் 30%. முப்பதை ஐம்பதால் வகுத்தால் 60% வருகிறது. இது 80%-க்குக் கீழே போனால் எங்கேயோ கோளாறு, தோண்டிப் பார்க்க வேண்டும். பாகுபாடு நடந்தது என்பதற்கு இது மட்டுமே ஆதாரம் ஆகாது. விண்ணப்பித்தவர்கள் குறைவாக இருந்தால் கணக்கே தடுமாறும். ஆனால் கேள்வி கேட்க இது போதும்.

எக்செலில் பத்து நிமிட வேலைதான். சிக்கல் கணக்கில் இல்லை, அதற்கு முன்னால் இருக்கிறது. தேர்வானவர்கள் பட்டியல் எல்லா அலுவலகத்திலும் இருக்கும். மென்பொருள் யாரை, எந்தக் கட்டத்தில் கழித்தது என்ற பதிவு இருக்கிறதா? அதை விற்ற நிறுவனம் தருமா? ‘நல்ல ஊழியர்’ என்று எந்த டேட்டாவைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள்? பழைய மேனேஜர் போட்ட அப்ரைசல் மார்க்கை வைத்து என்றால், அவருடைய விருப்பு வெறுப்பும் சேர்ந்தேதான் வரும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்க வேண்டியவை இவை.

சட்டம் என்ன சொல்கிறது?

நியூயார்க் நகரில் 2023 ஜூலை முதல், ஆள் எடுக்க இத்தகைய மென்பொருளைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் ஆண்டுதோறும் வெளியாளை வைத்துத் தணிக்கை செய்து, சுருக்கத்தை வெளியிட வேண்டும். ஆனால் அந்தத் தணிக்கை பாலினத்தையும் இனத்தையும்தான் பார்க்கிறது. வயது அதில் இல்லை. அதாவது, மேலே சொன்ன பெண்ணின் பிரச்சினை அதில் சிக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம், ஆள் எடுக்கும் மென்பொருளை அதிக ஆபத்துள்ளவை என்ற பிரிவில் வைத்திருக்கிறது.

மென்பொருளை விற்றவருக்கும் பொறுப்பு உண்டா என்ற கேள்வியை வொர்க்டே நிறுவனத்துக்கு எதிரான வழக்கு எழுப்பியிருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட வேலைகளுக்கு விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டதாகச் சொல்லும் ஒருவர் 2023-ல் தொடுத்தது அது. குற்றச்சாட்டை நிறுவனம் மறுக்கிறது. வயதுப் பாகுபாடு குறித்த பகுதியில், 40 வயதைத் தாண்டிய மற்றவர்களும் சேர்ந்துகொள்ள கலிபோர்னியா நீதிமன்றம் 2025 மே மாதம் முதல்கட்ட அனுமதி தந்தது.

இந்தியாவில் 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தகவலை எப்படிக் கையாள வேண்டும் என்று அது சொல்கிறது. ஆள் எடுக்கும் மென்பொருளுக்கு நியூயார்க் போல ஆண்டுத் தணிக்கை எதையும் அது கேட்கவில்லை. ஆகவே, கழித்துவிடப்பட்டவர்களின் பட்டியலைத் திறந்து பார்ப்பதா வேண்டாமா என்பது இங்கே இப்போதைக்கு அந்தந்த எச்.ஆர். மேனேஜரின் கையில்தான் இருக்கிறது.