சிப்பியை எண்ணாதீங்க, சார்!

ஆபீஸில் அப்ரைசல் படிவம் நிரப்பியிருக்கிறீர்களா? ‘டீம் ஸ்பிரிட் - மிக நன்று’ என்று நமக்கு நாமே மார்க் போட்டுக்கொள்வோமே, அதேதான்! மத்திய அரசிடம் மானியம் வாங்கும் கலைக்குழுக்களுக்கும் ஒரு படிவம் உண்டு. பொது நிதி விதிகள் 2017, படிவம் 12-ஏ. பெயர், பயன்பாட்டுச் சான்றிதழ். வரவு, செலவு, மிச்சம் எல்லாம் பைசா சுத்தமாக வரும். பி.காம். படித்தவன் எனக்குக் குஷிதான். ஆனால் நடுவில் ஒரு வரி... விளைந்த பயன்களை இணைப்பில் தரணுமாம். இணைப்பில் என்னத்தை எழுத?

சுலபமானதை எழுதலாம். நிகழ்ச்சி இத்தனை, பார்த்தவர்கள் இத்தனை பேர், குத்துவிளக்கு ஏற்றுகிற போட்டோ. பிரியாணிப் பொட்டலத்துக்காக உட்கார்ந்திருந்தவரும் அதில் ஒரு தலை!

எங்க தூத்துக்குடியில் முத்துக்குளித்த காலத்து ஆட்கள் உஷார். கடலடியில் சிப்பி எத்தனை என்பதோடு விட மாட்டார்கள். மாதிரிக்குக் கொஞ்சம் எடுத்து, அழுகவிட்டு, கழுவி, முத்தைச் சல்லடையில் சலித்து, ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் என்று மதிப்புப் போட்டார்கள். சிப்பி இளசா? மூணு, நாலு வருஷம் ஆகட்டும் என்று காத்திருந்தார்கள். கடைசிக் குளிப்பு 1961-ல்.

மானியமோ மார்ச் 31-ல் கணக்கை மூடச் சொல்கிறது. கணியான் கூத்துக்கு மகுடம் அடிக்க விரல் பழகுவதற்குள் நிதியாண்டே முடிந்துவிடும்!

காஞ்சிபுரம் பக்கம் கட்டைக்கூத்துச் சங்கம் 2002-ல் ஒரு குருகுலம் தொடங்கியது. பள்ளிப்படிப்பும் கூத்தும் சேர்த்து. முதல் வருஷமே கணக்கெடுத்திருந்தால் பிள்ளைகளின் தலைக்கணக்குதான் கிடைத்திருக்கும். ஆண்களே ஆடிவந்த கூத்தில் பெண்பிள்ளைகள் வேஷம் கட்டி மேடையேறினார்களே, அது மெதுவாக விளைந்த முத்து. 2020-ல் குருகுலத்தை மூடியாயிற்று. அங்கே கற்றவர்கள் அதன் பிறகும் ஆடுகிறார்கள்.

ஆகவே என் யோசனை இது. பணம் கொடுத்து மூணு வருஷம் கழித்து ஓர் ஆளை அனுப்புங்கள். மகுடம் கற்ற பத்துப் பையன்களில் எத்தனை பேர் இன்னும் அடிக்கிறார்கள்? எத்தனை பேர் ஹார்பரில் லாரி ஓட்டப் போய்விட்டார்கள்? தலைக்கட்டு வரி போட்டுக் கொடை நடத்தும் ஊர்க்காரர்கள் இவர்களைத் தேடிவந்து, வெற்றிலையில் வைத்து அட்வான்ஸ் கொடுக்கிறார்களா? சொந்தக் காசு சார், பிடிக்காவிட்டால் கொடுப்பானா?

அந்த எண்ணிக்கையை இணைப்பில் எழுதுங்கள். ஆடிட்டர் முகம் சுளித்தால், சுடலைமாடன் கொடைக்கு ஒரு ராத்திரி கூட்டி வாருங்கள். விடியும்வரை மனுஷன் எழுந்திருக்க மாட்டார்!