செல்லை விடுங்க, அது சுரக்கிறதைப் பாருங்க

போன வாரம் பெரியப்பா போன். "ஏன்டா தம்பி, முட்டிக்கு ஸ்டெம் செல் ஊசி போடறாங்களாம். புதுசா முளைச்சிடுமாம். போட்டுக்கவா?" நானோ பொட்டி தட்டுறவன். நம்ம வீடுகள்ல கம்ப்யூட்டர் தெரிஞ்சா எல்லாம் தெரியும்னு அர்த்தம். சரின்னு உக்காந்து படிச்சேன்.

முளைக்கிறதெல்லாம் பெரும்பாலும் கதைங்க. 2009-ல டார்வின் ப்ராக்காப் குழு, மாரடைப்பு வரவழைச்ச சுண்டெலிகளுக்கு மனித எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்லை ரத்தத்துல ஏத்தினாங்க. முக்கால்வாசி நுரையீரல்லயே மாட்டிக்கிச்சு, இதயத்துக்குப் போனது சொற்பம். ஆனா இதயம் தேறிடுச்சு! மாட்டின செல்கள் டிஎஸ்ஜி-6ங்கிற புரதத்தைச் சுரந்து அழற்சியைக் குறைச்சிருக்கு. அந்த ஜீனை அடக்கிட்டு செல்லைப் போட்டா பலன் போச்சு. செல்லே இல்லாம வெறும் புரதத்தைக் கொடுத்தாலும் பலன் இருந்துச்சு. ஒரு லைனை கமெண்ட் பண்ணிட்டு ரன் பண்ணிப் பார்ப்போமே, அதே டெக்னிக்தான் :)

1991-ல 'மீசென்கைமல் ஸ்டெம் செல்'னு பேர் வச்ச ஆர்னால்ட் கேப்லனே, 2017-ல 'பேரை மாத்துங்க, இது மருந்து சுரக்கிற செல்'னு எழுதினார்.

என் கட்சி இதான்: எந்தப் புரதம், எவ்வளவுன்னு பிரிச்சு, சோதிச்சுக் கொடுங்க. செல் கக்கின சாறை மொத்தமா புட்டியில அடைச்சு விக்காதீங்க. 2019 டிசம்பர்ல, நெப்ராஸ்காவுல எக்சோசோம் சரக்கு போட்டுக்கிட்டவங்களுக்கு கடுமையான பாதிப்புன்னு அமெரிக்க எஃப்டிஏ எச்சரிச்சது சும்மா இல்ல.

"அந்த ஊசியில எந்தப் புரதம் இருக்குன்னு கேளுங்க பெரியப்பா"ன்னேன். கேட்டிருக்கார். "எல்லாமே இருக்கு சார்"னாங்களாம். மனுஷன் அட்வான்ஸ் கட்டாம திரும்பிட்டார்.